நர்சுகளுக்கு வேண்டியது பட்டமா? ஆளா?

ஆஸ்பத்திரிகளில் வேலை செய்யும் நர்சுகளைப் பற்றிப் புகழ்ந்து பேசாத பெரிய மனிதர் நமது நாட்டில் ஒருவரும் இல்லை என்றே சொல்லலாம். மந்திரி பேசினாலும், கலெக்டர் பேசினாலும், தனியார் ஆஸ்பத்திரி முதலாளி பேசினாலும் "தாய்" என்றும், "தெய்வம்" என்றும், "வெள்ளுடை தேவதை" என்றும் பட்டங்களைக் கொட்டி விடுகின்றார்கள். வருஷந்தோறும் மே மாதம் 12-ந் தேதி வந்துவிட்டால் கையில் விளக்கைக் கொடுத்து, உறுதிமொழி சொல்லச் செய்து, பொன்னாடை போர்த்தி, போட்டோவும் பிடித்து அனுப்பி விடுகின்றார்கள். மறுநாள் 13-ந் தேதி இரவு அதே நர்ஸ் நாற்பது கட்டில்களுக்கு நடுவில் ஒண்டியாய் நின்று, எந்தக் கட்டிலுக்கு முதலில் ஓடுவது என்று தெரியாமல் திகைக்கும்போது, அந்தப் பொன்னாடை எதற்கு உதவும் என்று கேட்பாரும் இல்லை, சொல்வாரும் இல்லை.

பட்டம் கொடுப்பதற்குக் காசு செலவில்லை. ஆள் போடுவதற்குத்தான் காசு வேண்டும். ஆகவே ஆள் போட மனமில்லாதவர்கள் எல்லாம் தாராளமாய்ப் பட்டம் கொடுக்கின்றார்கள். இது நமது நாட்டில் வெகுகாலமாய் நடந்து வருகிற தந்திரமேயாகும். உழுகிறவனை "அன்னதாதா" என்று சொல்லிக்கொண்டே பட்டினி போட்டார்கள். பெண்ணை "கிருகலட்சுமி" என்று சொல்லிக்கொண்டே அடுப்படியில் அடைத்தார்கள். இப்போது நர்சை "தேவதை" என்கின்றார்கள். தேவதைக்குத் தூக்கம் வேண்டுமா? தேவதைக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டுமா? தேவதைக்கு வீட்டு வாடகை உண்டா? இல்லையல்லவா! அதற்காகத்தான் அந்தப் பட்டம்.

நிற்க. நமது மோகனூர், நாமக்கல் பக்கத்து ஜனங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தால் சொல்லும் முதல் குறை என்ன? "டாக்டர் நல்லவர், நர்சம்மாதான் வள்ளென்று விழுகிறாள்" என்பதுதான். நாமக்கல்லுக்குப் போனாலும், ஆற்றுக்கு அக்கரையில் கரூருக்குப் போனாலும், சேலத்துக்குப் போனாலும் இதே பேச்சுத்தான். இந்தக் குறை பொய் என்று நாம் சொல்ல வரவில்லை. பல இடங்களில் மெய்யாகவே அப்படித்தான் நடக்கின்றது. ஆனால், இருபது வயதில் நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கின அதே பெண், முப்பது வயதில் "அந்தப் பக்கம் போய் உட்காரு" என்று சீறுகிறவளாக ஏன் ஆனாள் என்பதை யோசித்துப் பார்த்தவர் எத்தனை பேர்? பத்து வருஷத்தில் அவள் குணம் தானாகவே கெட்டுப் போய்விட்டதா? அல்லது கெடுக்கப்பட்டதா?

இதைப் பற்றி மேல்நாட்டார் ஆராய்ந்து வைத்திருக்கின்றார்கள். 1974-ம் வருஷத்தில் நியூயார்க்கில் பிராய்டன்பெர்கர் என்னும் மனோதத்துவ வைத்தியர், பிறருக்கு உதவி செய்யும் உத்தியோகத்தில் இருப்பவர்களுக்கு வரும் ஒரு விதக் களைப்பைப் பற்றி எழுதினார். அதற்கு "எரிந்து தீர்ந்து போதல்" என்கின்ற அர்த்தத்தில் பேர் வைத்தார். அதற்குப் பின் கிறிஸ்டினா மாஸ்லாக் என்னும் அம்மையார் அதை அளந்து பார்ப்பதற்கு ஒரு கேள்வித்தாளை 1981-ல் வெளியிட்டார். அவர் கண்டது மூன்று அடையாளங்கள். முதலாவது, மனம் வற்றிப் போவது. அதாவது காலையில் எழும்போதே களைப்பாய் இருப்பது. இரண்டாவது, நோயாளியை மனிதனாய்ப் பார்க்க முடியாமல் ஒரு சாமானாய்ப் பார்ப்பது. மூன்றாவது, நாம் செய்யும் வேலையால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று தோன்றிவிடுவது. 2019-ல் உலக சுகாதார ஸ்தாபனமும் தனது நோய்ப் பட்டியல் புத்தகத்தில் இதைச் சேர்த்தது. ஆனால் எப்படிச் சேர்த்தது என்பதைக் கவனிக்க வேண்டும். இது ஒரு வியாதி அல்ல என்றும், சரிவரச் சமாளிக்கப்படாத வேலைத்தலத்து நெருக்கடியால் உண்டாவது என்றும் சொல்லிச் சேர்த்தது. அதாவது கோளாறு அந்தப் பெண்ணின் மண்டைக்குள் இல்லை. அவள் வேலை செய்யும் கட்டடத்திற்குள் இருக்கின்றது என்பதுதான் அதன் கருத்து.

நமது ஊர்ப் பாஷையில் சொல்வதானால், எண்ணெய் வற்றின பிறகும் எரியும்படி விட்ட விளக்கில் திரி கருகுவதற்கு ஒப்பானதாகும் இது. திரி கருகினதற்குத் திரியைத் திட்டுகின்றவனை என்னவென்று சொல்வது?

இசபெல் மென்சீஸ் என்னும் இன்னொரு அம்மையார் லண்டனில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்சுகளின் வேலையை ஆராய்ந்து 1960-ல் எழுதினார். அங்கே நோயாளியின் பேரைச் சொல்லாமல், "பத்தாம் நம்பர் கட்டில் ஈரல்" என்று கட்டில் நம்பரையும் கெட்டுப் போன உறுப்பையும் மட்டும் சொல்லும் வழக்கம் இருந்ததாம். இது இரக்கமில்லாமையால் வந்ததல்ல, நாள்தோறும் சாவையும் வலியையும் பார்க்கிறவர்கள் தங்கள் மனம் உடைந்து போகாமல் காப்பாற்றிக்கொள்ளப் போட்டுக்கொண்ட கவசம் என்பதுதான் அவரது முடிவு. நமது ஆஸ்பத்திரிகளில் "ஏழாம் பெட்டு, எழுந்திரு" என்று சொல்லக் கேட்டு மனம் வருந்துகிறவர்கள் இதைச் சிறிது எண்ணிப் பார்க்க வேண்டும். கவசத்தைப் போட்டுக்கொண்டவர்கள் மேல் கோபிக்கிறோமே ஒழிய, கவசம் வேண்டியிருக்கும்படி அவர்களை அந்த இடத்தில் நிறுத்தினவர்கள் யார் என்று நாம் கேட்பதில்லை.

இனி கணக்குக்கு வருவோம். ஏனெனில் கணக்குச் சொன்னால்தான் பட்டத்தின் பித்தலாட்டம் வெளியாகும்.

2005-ம் வருஷம் தேசிய கிராமப்புற சுகாதாரத் திட்டம் வந்த பிறகு, இரவும் பகலும் திறந்திருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மூன்று நர்சுகள் என்று ஒரு ஏற்பாடு செய்தார்கள். இரவில் பிரசவ வலி எடுத்த பெண்ணை மாட்டு வண்டியில் போட்டு எங்கெங்கோ கொண்டு போய் வழியிலேயே பறிகொடுத்த காலம் மாறியது இதனால்தான். அதை நாம் மனதார வரவேற்கின்றோம். ஆனால் மூன்று பேர் என்பதன் கணக்கைப் பாருங்கள். ஒரு நாளைக்கு 24 மணி; வாரத்துக்கு 168 மணி. ஒரு நேரத்தில் ஒரே ஒரு நர்ஸ்தான் இருப்பது என்று வைத்துக்கொண்டாலும், மூன்று பேருக்கும் பங்கிட்டால் ஆளுக்கு வாரத்துக்கு 56 மணி நேரம் வருகின்றது. தொழிலாளிக்கு வாரம் 48 மணி என்று சட்டம் பேசுகிற நாட்டில் இது எட்டு மணி அதிகம். இதிலும் ஒருத்திக்குக் காய்ச்சல் வரக்கூடாது. ஒருத்தி வீட்டில் சாவு விழக்கூடாது. ஒருத்தி பிள்ளை பெறக்கூடாது! ஊரார் பிள்ளைகளையெல்லாம் பிரசவம் பார்க்கிறவள் தான் மட்டும் பிள்ளை பெறக்கூடாது என்பது எந்த தேசத்து நியாயம்? 48 மணிக் கணக்குப்படி பார்த்தாலே அந்த ஒரு இடத்துக்கு மூன்றரைப் பேர் வேண்டும். லீவுக்கு 30 சதம் சேர்த்துக் கொண்டால் நாலரைப் பேருக்கு மேல் வேண்டும். மூன்று பேரை வைத்துக்கொண்டு நாலரைப் பேர் வேலையை வாங்குவதற்குப் பேர்தான் "சேவை."

வார்டுக் கணக்கையும் பாருங்கள். நாற்பது கட்டில் உள்ள வார்டில் இரவு ஒரே நர்ஸ் என்றால், எட்டு மணி நேரம் என்பது 480 நிமிஷம். ஒரு நோயாளிக்குப் பன்னிரண்டு நிமிஷம். இந்தப் பன்னிரண்டு நிமிஷத்தில் நாடி பார்க்க வேண்டும், சூடு பார்க்க வேண்டும், இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், மருந்து கொடுக்க வேண்டும், ஊசி போட வேண்டும், டிரிப்ஸ் தீர்ந்ததா என்று பார்த்து மாற்ற வேண்டும், இவ்வளவையும் நோட்டில் எழுதவும் வேண்டும். ஒரு கிழவருக்கு மூச்சு முட்டி அங்கே ஒரு மணி நேரம் நின்றுவிட்டால், மீதி 39 பேருக்கு ஆளுக்குப் பதினோரு நிமிஷம் கூட இல்லை. இதற்கு நடுவில் அவள் தண்ணீர் குடிப்பது எப்போது? மூத்திரம் பெய்யப் போவது எப்போது? விடிந்ததும் வீட்டுக்குப் போய் அவள் படுத்துக்கொள்ளுகிறாளா? இல்லை. அங்கே அடுப்பும், பிள்ளைகளின் பள்ளிக்கூடமும், மாமியாரின் முகச்சுளிப்பும் அவளுக்காகக் காத்துக்கொண்டிருக்கின்றன. ஆஸ்பத்திரியில் சம்பளத்துக்குச் செய்கிற வேலையையே வீட்டில் சம்பளமில்லாமல் மறுபடியும் தொடங்குகின்றாள்.

இந்திய நர்சிங் கவுன்சில் என்பது சர்க்காருக்கு விரோதமான சங்கம் அல்ல. சட்டப்படி ஏற்பட்ட சபை. அதுவே போதனா ஆஸ்பத்திரிகளில் மூன்று நோயாளிகளுக்கு ஒரு நர்ஸ் என்றும், மற்றப் பொது ஆஸ்பத்திரிகளில் ஐந்து நோயாளிகளுக்கு ஒரு நர்ஸ் என்றும், லீவுக்காக மேலும் 30 சதம் பேர் என்றும் கணக்குச் சொல்லியிருக்கின்றது. காகிதத்தில் இருக்கிற இந்த ஐந்து, வார்டில் எத்தனையாய் ஆகிவிடுகின்றது என்பதை ஆஸ்பத்திரியில் ஒரு நாள் படுத்தவர்கள் தாங்களே எண்ணிப் பார்த்திருப்பார்கள்.

நமது ஜில்லாக்காரர்களுக்கு இந்த விஷயம் விளங்குவதற்கு மேல்நாட்டு உதாரணமே தேவையில்லை. நாமக்கல் என்றால் லாரியும் முட்டையும் தானே! லாரி டிரைவர் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட்டக் கூடாது என்று 1961-லேயே மோட்டார் தொழிலாளர் சட்டத்தில் எழுதி வைத்தார்கள். ஏன்? தூங்கி விழுந்தால் வண்டி கவிழும், சரக்குப் போகும், உயிர் போகும் என்பதற்காக. சட்டப்படி நடந்தார்களோ இல்லையோ, நியாயத்தையாவது ஒப்புக்கொண்டார்கள். ஊசி மருந்தைப் பத்துப் பங்கு அதிகமாய் ஏற்றிவிட்டால் போகும் உயிர் மட்டும் உயிர் அல்லவா? பன்னிரண்டரை மணி நேரமும் அதற்கு மேலும் தொடர்ந்து வேலை பார்த்த நர்சுகள் தவறு செய்வது மூன்று மடங்கு அதிகம் என்று அமெரிக்காவில் 2004-ல் கணக்கெடுத்துச் சொன்னார்கள்.

கோழிப் பண்ணையைப் பாருங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் கோழிக்கு "ஸ்ட்ரெஸ்" வந்துவிட்டது என்று நமது பண்ணைக்காரர்கள் எல்லாரும் பேசிக்கொள்ளுகின்றார்கள். உஷ்ணம் ஏறினால் கோழி தீனி எடுக்காது, முட்டை குறையும், ஓடு மெலியும் என்று அவர்களுக்குத் தெரியும். உடனே என்ன செய்கின்றார்கள்? கூரைமேல் தண்ணீர் தெளிக்கின்றார்கள், விசிறி வைக்கின்றார்கள், கூண்டில் நெருக்கத்தைக் குறைக்கின்றார்கள். எந்தப் பண்ணைக்காரராவது கோழிக்கு முன்னால் நின்றுகொண்டு, "நீ தியாகத்தின் சொரூபம், பொறுமையைக் கடைப்பிடி, மூச்சை இழுத்து விடு" என்று பிரசங்கம் செய்வாரா? செய்தால் ஊரார் சிரிக்க மாட்டார்களா? கோழிக்குச் செய்கிற நியாயத்தை நர்சுக்குச் செய்யச் சொன்னால் மட்டும் "உங்களுக்கு சேவை மனப்பான்மை இல்லை" என்கின்றார்கள். மோகனூர் சர்க்கரை ஆலை இயந்திரத்துக்குக் கூட அரவைப் பருவம் முடிந்தால் பிரித்துப் போட்டு, துடைத்து, எண்ணெய் போட்டு ஓய்வு கொடுக்கின்றார்கள். நர்சுக்கு அரவைப் பருவம் வருஷம் பூராவும்தான்.

இனி, இந்தக் களைப்புக்கு மேலதிகாரிகள் சொல்லும் பரிகாரங்களைப் பார்ப்போம். யோகா செய்யச் சொல்லுகின்றார்கள். தியானம் செய்யச் சொல்லுகின்றார்கள். "மன அழுத்தத்தை வெல்வது எப்படி?" என்று ஒரு வகுப்பு வைக்கின்றார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த வகுப்பையும் இரவு வேலை முடிந்து வீட்டுக்குப் போக வேண்டியவளை நிறுத்தி வைத்துத்தான் நடத்துகின்றார்கள்! இன்னும் சிலர் கோயிலுக்குப் போகச் சொல்லுகின்றார்கள். நமது மோகனூரிலேயே காவிரிக் கரையில் அசலதீபேஸ்வரர் என்று ஒரு சாமி இருக்கின்றார். கர்ப்பக்கிரகத்து விளக்கு அசையாமல் நின்று எரிவதால் அந்தப் பேர் வந்தது என்கின்றார்கள். அந்த விளக்கு அசைகின்றதா இல்லையா என்கின்ற வழக்குக்கு நாம் இப்போது வரவில்லை. நாம் கேட்பதெல்லாம் ஒன்றுதான். அந்த விளக்குக்கு எண்ணெய் ஊற்றாமல் ஒரே ஒரு இரவு விட்டுப் பார்க்க எந்தக் குருக்களாவது சம்மதிப்பாரா? சாமி விளக்கே எண்ணெய் இல்லாமல் எரியாது என்றால், சோறு தின்று உயிர் வாழும் பெண் தூக்கமில்லாமலும் துணையாள் இல்லாமலும் எப்படி எரிந்துகொண்டிருப்பாள்?

மூச்சுப் பயிற்சி கெடுதல் என்று நாம் சொல்லவில்லை. செய்கிறவர்கள் செய்து கொள்ளட்டும். ஆனால் நாற்பது பேருக்கு ஒருத்தி என்பதை மூச்சை அடக்கினால் இருபது பேருக்கு ஒருத்தி என்று ஆக்க முடியாது. இரவு வேலை மனித உடம்புக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த ஆராய்ச்சி நிலையம் 2007-லேயே அறிவித்தது. அதைத் தியானத்தால் மாற்ற முடியுமா?

மே மாதத்து விளக்கு விழாவுக்கு மூலமான பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கின்றது. 1854-ல் கிரிமியா யுத்தத்தில் ஸ்கூட்டாரி ஆஸ்பத்திரியில் அவர் இரவில் விளக்கோடு நடந்தார் என்பதையே எல்லாரும் சொல்லுகின்றார்கள். யுத்தம் முடிந்து ஊருக்கு வந்தபின் அவர் செய்த வேலையைச் சொல்லுகிறவர் அபூர்வம். அவர் உட்கார்ந்து கணக்குப் போட்டார். எத்தனை சிப்பாய் குண்டுபட்டுச் செத்தான், எத்தனை பேர் சாக்கடையாலும் நெருக்கத்தாலும் வந்த நோயால் செத்தார்கள் என்று எண்ணி, வட்டப் படம் போட்டு 1858-ல் சர்க்கார் முன்னால் வைத்தார். எதிரியின் குண்டைவிட நமது ஆஸ்பத்திரிகளின் அழுக்குத்தான் அதிகம் பேரைக் கொன்றது என்று காட்டினார். லண்டன் புள்ளிவிவரச் சங்கம் முதல் முதலாகச் சேர்த்துக்கொண்ட பெண் அவரே. அப்படிப்பட்டவரும் யுத்தத்திலிருந்து நோயாளியாய்த் திரும்பி, வெகு வருஷங்கள் படுக்கையிலேயே கிடந்து வேலை செய்தார். நமது விழாக்காரர்களோ அவருடைய விளக்கை எடுத்து வைத்துக்கொண்டு கணக்கை மூட்டை கட்டிப் போட்டுவிட்டார்கள். விளக்கைக் காட்டினால் கண் கூசும். கணக்கைக் காட்டினால் அதிகாரிக்கு உடம்பு கூசும் அல்லவா!

அந்தக் கணக்கை இக்காலத்தில் தொடர்ந்து போட்டவர் அமெரிக்காவில் லிண்டா ஐக்கன் என்பவர். பென்சில்வேனியா மாகாணத்து ஆஸ்பத்திரிகளில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட நர்சுகளையும், இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட ஆபரேஷன் நோயாளிகளையும் கணக்கில் எடுத்து 2002-ல் வெளியிட்டார். ஒரு நர்சின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், நோயாளிகள் முப்பது நாளைக்குள் சாவதற்கான வாய்ப்பு 7 சதம் கூடுகின்றது. நர்சுகள் கருகிப் போவதற்கான வாய்ப்பு 23 சதம் கூடுகின்றது என்று அவர் கண்டார். ஆகவே நர்சின் களைப்பு நர்சின் சொந்த விஷயம் அல்ல. அவள் கருகினால் படுக்கையில் இருப்பவனும் சேர்ந்து கருகுகின்றான். இதை உணர்ந்துதான் கலிபோர்னியா மாகாணத்தில் 1999-ல் சட்டம் செய்து, 2004 முதல் ஒரு நர்சுக்கு இத்தனை நோயாளிக்கு மேல் கூடாது என்று நடைமுறைக்குக் கொண்டு வந்தார்கள். அங்கேயும் ஆஸ்பத்திரி முதலாளிகள், "கட்டுப்படியாகாது" என்று கத்தத்தான் கத்தினார்கள்.

நமது நாட்டிலோ 1946-ல் போர் கமிட்டியார் 43,000 பேருக்கு ஒரு நர்ஸ்தான் இருக்கின்றார் என்று சொல்லி, 1971-க்குள் 500 பேருக்கு ஒருவராக ஆக்க வேண்டும் என்று சிபாரிசு செய்தார்கள். நர்சுகளின் வேலை நிலைமை மோசம் என்று அன்றைக்கே எழுதி வைத்தார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ கமிட்டிகள் வந்தன. 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னதன்மேல் மத்திய சர்க்கார் ஒரு கமிட்டி போட்டார்கள். ஐம்பது படுக்கைக்குக் குறைந்த தனியார் ஆஸ்பத்திரியில் கூட நர்சுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றும், இருநூறு படுக்கைக்கு மேற்பட்டதில் சர்க்கார் சம்பளமே கொடுக்க வேண்டும் என்றும் அந்தக் கமிட்டி சொல்லிற்று. கேரளத்தில் நர்சுகள் சங்கம் வைத்துப் பல வருஷம் போராடின பிறகு 2018-ல் அந்த 20,000 ரூபாயைக் குறைந்தபட்சச் சம்பளமாக்கினார்கள். அதுவும் தெய்வம் என்ற பட்டத்தால் வந்ததல்ல. தெருவில் உட்கார்ந்ததால் வந்தது.

தமிழ்நாட்டில் நடந்தது என்ன? 2015-ல் ஆயிரக்கணக்கான நர்சுகளைப் பரீட்சை வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு வருஷத்தில் நிரந்தரமாகும் என்கின்ற நம்பிக்கையைக் கொடுத்து, மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் வைத்தார்கள். பக்கத்துக் கட்டிலைப் பார்க்கும் நிரந்தர நர்சுக்கு ஒரு சம்பளம். இந்தக் கட்டிலைப் பார்க்கும் ஒப்பந்த நர்சுக்கு அதில் ஒரு துண்டு. ஊசி ஒன்றே, இரவு ஒன்றே, நோயாளி ஒன்றே. சம்பளம் மட்டும் இரண்டு ஜாதி! இரண்டு வருஷம் போயிற்று, நிரந்தரம் வரவில்லை. 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் டி.எம்.எஸ். வளாகத்தில் கூடி உட்கார்ந்தார்கள். உடனே ஐகோர்ட்டு வேலைநிறுத்தம் கூடாதென்று தடை போட்டது.

பிறகு கொரோனா வந்தது. 2020 மார்ச்சு 22-ந் தேதி மாலை 5 மணிக்கு நாடு பூராவும் தட்டைத் தட்டினார்கள். மே 3-ந் தேதி ஆகாய விமானத்திலிருந்து ஆஸ்பத்திரிகளின் மேல் பூமாரி பொழிந்தார்கள். பெற்ற பிள்ளையே பிணத்தைத் தொடப் பயந்த காலத்தில், மூச்சு முட்டும் உடுப்புக்குள் வியர்வையில் நனைந்துகொண்டு தொட்டவர்கள் இந்த நர்சுகளே. அந்தச் சமயத்தில் ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டவர்களில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களை 2022 டிசம்பர் 31-ந் தேதியோடு வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். வேறு திட்டங்களில் இடம் தருவோம் என்று பிறகு சமாதானம் சொன்னார்கள். ஆனால் பூவைக் கொட்டினவர்கள் ஒருவராவது, "வருஷம் பிறக்கும் நாளில் வேலை போகிறதே, அந்தப் பூவை விற்றாவது சம்பளம் கொடுத்திருக்கலாமே" என்று கேட்டார்களா? நாளைக்கு வேலை இருக்குமா இருக்காதா என்கின்ற பயத்தைவிடக் கொடிய "மன அழுத்தம்" வேறு என்ன இருக்கின்றது? அதற்கு எந்த ஆசனம் பரிகாரம்?

இவ்வளவு அக்கிரமம் நடந்தும் யாருக்கும் உறைக்காததற்குக் காரணம் என்ன? நமக்குத் தோன்றுவது இரண்டு காரணங்கள். ஒன்று, இது பெரும்பாலும் பெண்கள் செய்கிற வேலை. பெண் என்றால் சம்பளமில்லாமல் உழைக்கப் பிறந்தவள் என்கின்ற எண்ணம் நம் ஆண்கள் இரத்தத்தில் ஊறிக் கிடக்கின்றது. ஆகவே அவளுக்குக் கொடுக்கிற அரைச் சம்பளமும் தர்மமாகத் தோன்றுகின்றது. இரண்டாவது, இது மலத்தையும், சீழையும், இரத்தத்தையும், பிணத்தையும் தொடுகிற வேலை. தூர நின்று மருந்தின் பேரைச் சொல்லுகிறவன் மேல், தொட்டுத் துடைக்கிறவள் கீழ் என்பது நமது ஜாதிக் கணக்கு. அந்தத் தீட்டுக்குப் பயந்துதான் "மேல்ஜாதி"க்காரர் தங்கள் பெண்களை வெகுகாலம் இந்தப் படிப்புக்கு அனுப்பாமலிருந்தார்கள். கிறிஸ்தவப் பெண்களும் ஆங்கிலோ இந்தியப் பெண்களுமே அதிகமாய் இதில் வந்தார்கள். தீட்டு என்கின்ற வார்த்தை இப்போது வெளியில் கேட்பதில்லை. ஆனால் அது சம்பளப் பட்டியலில் போய் ஒளிந்துகொண்டிருக்கின்றது.

"தெரிந்துதானே இந்த வேலைக்கு வந்தாள்?" என்று சிலர் கேட்கின்றார்கள். படிப்பதற்கு நிலத்தை அடகு வைத்த தகப்பனின் மகள், கிடைத்த வேலைக்கு வராமல் என்ன செய்வாள்? சில தனியார் இடங்களில் அசல் சர்டிபிகேட்டை வாங்கிப் பெட்டியில் பூட்டிக்கொண்டு, "பாண்டு" எழுதி வாங்கிக்கொள்ளுகின்றார்களே, இதற்கும் பழைய பண்ணையாள் சீட்டுக்கும் என்ன வித்தியாசம்? "நர்சுகள் வேலைநிறுத்தம் செய்தால் நோயாளி செத்துப் போவானே" என்று கேட்கின்றார்கள். ஆமாம், சாவான். அவ்வளவு முக்கியமானவள் என்று ஒரு நாளைக்கு மட்டும் தெரிகின்றதே, மற்ற 364 நாளும் அது ஏன் தெரிவதில்லை? ஒரு நாள் நர்ஸ் இல்லாததால் சாகிறவனைப் பற்றிக் கவலைப்படுகிற தர்மவான்கள், வருஷம் பூராவும் நர்ஸ் போதாததால் சாகிறவனைப் பற்றி ஏன் வாயைத் திறப்பதில்லை? "பணம் இல்லை" என்கின்றார்கள். கட்டடம் கட்டவும் கல்வெட்டு வைக்கவும் பணம் இருக்கின்றது. நாமக்கல்லில் 2022-ல் மருத்துவக் கல்லூரி திறந்தார்கள்; நமக்கும் சந்தோஷமே. ஆனால் கட்டடம் நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்காது. கல்வெட்டு ஊசி போடாது. கட்டிலைக் கூட்டுகிறவர்கள், கட்டில் கூடின அன்றே ஆளும் கூடினதா என்று ஜனங்களுக்குச் சொல்ல வேண்டும்.

ஆகையால் நாம் கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. நர்சிங் கவுன்சில் கணக்குப்படி ஆள் போட வேண்டும். ஒவ்வொரு வார்டு வாசலிலும், இன்றைக்கு இத்தனை நோயாளி, இத்தனை நர்ஸ் என்று பலகையில் எழுதிப் போட வேண்டும். எட்டு மணி வேலையும், வாரத்தில் ஒரு நாள் ஓய்வும், இரவு வேலைக்குப் பின் கட்டாய ஓய்வும் வேண்டும். ஒரே வேலைக்கு ஒரே சம்பளம் வேண்டும். ஒப்பந்தம் என்கின்ற பேரால் வருஷக்கணக்காய்த் தொங்க விடுவது ஒழிய வேண்டும். நர்சுகளை அடிக்கிறவர்களைத் தண்டிக்க 2008-ல் தமிழ்நாட்டில் செய்த சட்டத்தை மெய்யாகவே நடத்த வேண்டும். துணி மாற்ற ஒரு அறையும், தாழ்ப்பாள் உள்ள ஒரு கக்கூசும் வேண்டும். 1977-ல் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் நர்சுகளுக்கென்றே செய்த ஒப்பந்தத்தை இந்தியா இன்னும் ஏற்றுக்கொள்ளாமலிருப்பதற்குக் காரணம் என்ன என்பதையும் சொல்ல வேண்டும்.

மோகனூர் வட்டார ஜனங்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நர்சம்மாவிடம் சண்டைக்குப் போவதற்கு முன், வார்டில் கட்டில் எத்தனை, நர்ஸ் எத்தனை என்று விரல் விட்டு எண்ணுங்கள். எண்ணின கணக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டு சுகாதார அதிகாரிக்கும், ஓட்டுக் கேட்க வந்த பிரதிநிதிக்கும் அனுப்புங்கள். கூட்டத்தில் "தேவதை" என்று யாராவது பேசத் தொடங்கினால், எழுந்து நின்று, "எத்தனை பேருக்கு ஒரு தேவதை?" என்று மட்டும் கேளுங்கள். நர்சுகளும் தங்களைத் தெய்வம் என்று சொல்லுகிறவர்களிடம் எச்சரிக்கையாய் இருப்பார்களாக. மனுஷி என்று ஒப்புக்கொண்டு, மனுஷிக்கு உள்ள கூலியையும் தூக்கத்தையும் கொடுக்கிறவர்களையே நம்புவார்களாக.